ரெசில்மேனியா 10: ஏணிக்கு முன்னால் தம்பியைப் பாருங்கள்

“மண்டபத்தில் பழைய குஸ்தி போடுகிறோம், ரெசில்மேனியா 10” என்று சொன்னால் போதும். “ஏணிச் சண்டைதானே? எத்தனை மணிக்கு வரும்?” என்ற கேள்விதான் முதலில் வரும். மேலே தொங்கும் பட்டத்தை ஏணியில் ஏறி இறக்குகிற அந்தச் சண்டை நிகழ்ச்சியில் கடைசிக்கு முந்தியது. அதனால் எட்டு மணிக்கு ஓடவிட்டால், பாதிப் பேர் வீட்டில் சோறு தின்று, ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்து, பத்து மணி வாக்கில் வந்து நாற்காலி தேடுவார்கள். அப்படி வருகிறவர்கள் அந்த இரவின் மிகச் சிறந்த 20 நிமிடத்தைக் கோட்டை விடுகிறார்கள். அது முதல் சண்டை. அண்ணன் பிரெட் ஹார்ட்டும் தம்பி ஓவன் ஹார்ட்டும் மோதுவது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் ஒரு கூட்டத்துக்கே சேர்த்துப் போட்டுக் காட்ட 1990களின் குஸ்தி நிகழ்ச்சி ஒன்று மட்டும் வேண்டுமென்றால், இதைத்தான் எடுக்க வேண்டும். இதிலுள்ள ஒன்பது சண்டையும் நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல. பாதி சுமார்தான், ஒன்றிரண்டு அதற்கும் கீழே. ஆனால் எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று அடுக்கியதில் ஒரு குடும்பக் கதை முழுசாக வந்துவிடுகிறது. அந்தக் கதைக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்த எந்தப் பாட்டிக்கும் புரியும்.

நடந்தது 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில். 1985இல் முதல் ரெசில்மேனியா நடந்த அதே இடம். அரங்கில் 18,065 பேர் என்று நிகழ்ச்சியை நடத்திய குஸ்திக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அறிவித்தது. வர்ணனை வின்ஸ் மெக்மான், ஜெர்ரி லாலர். அமெரிக்காவில் இதைக் கேபிள் கம்பெனிக்குத் தனியாகப் பணம் கட்டி வீட்டில் பார்த்தார்கள். அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பெட்டியில் சேனல் திறந்துகொள்ளும். நமக்கு அப்போது அந்த வசதி கிடையாது. கட்டணத் தொலைக்காட்சியான அஸ்ட்ரோவே 1996இல்தான் வந்தது. அங்கே ஞாயிறு இரவு என்றால் இங்கே திங்கள் காலை, தோட்டத்தில் பிரட்டுக்கும் (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது) பள்ளிக்கும் போகிற நேரம். ஆக நம் ஆட்கள் பார்த்ததெல்லாம் கேசட்டில், பிறகு சீடியில்.

கதையின் முன்பாதியைக் கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் எழுந்து சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். சொல்லாமல் போட்டால் முதல் சண்டை வெறும் சண்டையாகப் போய்விடும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கனடாவின் கால்கரி நகரத்தில் ஸ்டூ ஹார்ட் என்ற குஸ்தி வாத்தியாருக்குப் 12 பிள்ளைகள். ஓவன் கடைக்குட்டி. பிரெட் அவனைவிட ஏறத்தாழ எட்டு வயது மூத்தவர், ஏற்கெனவே சாம்பியனாக இருந்தவர். 1993 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அண்ணன் தம்பி நான்கு பேர் ஒரே அணியாக இறங்கினார்கள். ஓவன் ஓடி வந்து கயிற்றோரம் நின்ற பிரெட்டின் மேல் மோதி, அந்தத் தடுமாற்றத்தில் தோற்று வெளியேறினான். நான்கு பேரில் தோற்றது அவன் ஒருவன்தான். 1994 ஜனவரியில் ராயல் ரம்பிள். இருவரும் ஜோடியாக இறங்கினார்கள். பிரெட் காலில் அடிபட்ட பிறகும் தம்பி கையைத் தட்டி உள்ளே விடவில்லை. நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். ஓவன் பொங்கி எழுந்து, நொண்டிக்கொண்டிருந்த அண்ணனின் காலையே உதைத்தான்.

அதே இரவு 30 பேர் இறங்கி, கடைசியாக உள்ளே நிற்பவர் ஜெயிக்கும் ரம்பிளில், மிஞ்சிய பிரெட்டும் லெக்ஸ் லூகரும் ஒரே நேரத்தில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார்கள். இருவரும் வெற்றி என்று ஆனது. சாம்பியன் யோக்கோசுனாவோடு முதலில் யார் மோதுவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். லூகருக்கு விழுந்தது. பிரெட்டும் அன்று இரண்டு முறை சண்டை போட்டால்தானே நியாயம் என்று, முதலில் தம்பியோடு மோதச் சொன்னார்கள். இதைச் சொல்லி முடித்ததும் விளக்கை அணைக்கலாம்.

முதல் சண்டை 20 நிமிடம் 21 விநாடி. இதில் கவனிக்க வேண்டியது ஓவனின் முகம். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிடியிலிருந்து விடுபட்டதற்கே இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடுகிறான். அண்ணனைக் கொஞ்சம் தள்ளிவிட்டாலும் அவனுக்குத் திருவிழாதான். பிரெட்டோ அடிக்க மனமில்லாதவர் போலப் பிடிகளிலேயே நேரத்தைக் கடத்துகிறார். ஓவன் கன்னத்தில் அறைந்த பிறகும் சட்டென்று திருப்பி அடிக்கவில்லை. எங்கே பொறுமை தீருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த இடம் வரும்போது சத்தம் போட வேண்டாம் என்று சிறுவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் பாதியில் பிரெட் கயிற்றைத் தாண்டி வெளியே நிற்கும் ஓவன் மேல் பாய்கிறார். எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். அங்கிருந்து சண்டையின் கணக்கே மாறுகிறது. ஜனவரியில் உதைத்த அதே காலை ஓவன் மறுபடி தேடிப் போகிறான். திருகுகிறான், முறுக்குகிறான், ஷார்ப்ஷூட்டர் என்ற அண்ணனின் சொந்தப் பிடியையே அண்ணன் மேல் போடப் போகிறான். குஸ்தி தெரிந்தவர்கள் இந்த மாதிரிச் சண்டையை மெச்சுவதற்குக் காரணம் இதுதான். ஒரு இடத்தில் அடிபட்டால் அந்த இடம் கடைசி வரை வலிக்க வேண்டும். ஐந்து நிமிடம் நொண்டிவிட்டு ஆறாவது நிமிடம் ஓடுகிறவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை. பிரெட் அந்த முழங்காலை இந்தச் சண்டையில் மட்டுமல்ல, இரண்டு மணி நேரம் கழித்து வரும் கடைசிச் சண்டையிலும் மறக்கவில்லை. நடை, திரும்புதல், கயிற்றைப் பிடித்து எழுதல் எல்லாவற்றிலும் அந்த வலி தெரியும்.

முடிவு ஒரு நொடிதான், கண் இமைத்தால் போச்சு. மூலையில் பிரெட் ஓவனின் தோள்மேல் ஏறி, முன்பக்கமாக உருட்டிப் படுக்கவைக்கப் பார்க்கிறார். விக்டரி ரோல் என்பார்கள். உருள வேண்டிய ஓவன் உருளாமல் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். அடியில் மாட்டியது பிரெட்டின் தோள்கள். நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று. ஏமாற்று வேலை இல்லை, கயிற்றைப் பிடிக்கவில்லை, யாரும் இடையில் வரவில்லை. தம்பி நேர்மையாகவே ஜெயித்துவிட்டான். அதுதான் உறுத்துகிறது. ஓவன் தகிடுதத்தம் பண்ணி ஜெயித்திருந்தால் கூட்டம் அவனை வெறுத்துவிட்டு மறந்திருக்கும். சரியாக ஜெயித்ததால், இவன் இவ்வளவு நாள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்திருக்கிறதே என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சண்டையில் குறை சொல்ல ஒன்றுதான் உண்டு. முதல் சண்டை இவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் அடுத்து வருபவர்கள் பாவம். அடுத்து வருவது கோமாளி வேடம் போட்ட டாய்ங்க், அவரோடு சிறிய உருவக்காரர் டிங்க். எதிரில் பேம் பேம் பிகலோவும் லூனா வஷோனும். 6 நிமிடம் 9 விநாடி. சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் இதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாவது ராண்டி சாவேஜுக்கும் க்ரஷுக்கும். ரிங்குக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் எதிரியைப் படுக்கவைக்கலாம், ஆனால் மூன்று எண்ணிய பிறகு 60 விநாடிக்குள் தோற்றவர் ரிங்குக்குத் திரும்பிவிட்டால் சண்டை தொடரும் என்பது விதி. புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கே குழம்புவார்கள். சாவேஜ் ஆரம்பத்திலேயே தோற்றுவிட்டதாக நினைத்துவிடுவார்கள். விதியை ஒரு வரியில் சொல்லிவையுங்கள். இந்த விதியில் ஒரு கோளாறு இருக்கிறது. யாராவது ஓர் ஆளைப் படுக்கவைத்ததும் சண்டை நின்று எல்லாரும் கடிகாரம் பார்க்கிறார்கள், சூடு ஆறிவிடுகிறது. ஆனாலும் முடிவு நன்றாக யோசித்தது. சாவேஜ் அரங்கின் பின்புறம் க்ரஷைக் கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ரிங்குக்கு ஓடுகிறார். ஆள் திரும்பி வர முடியாதபடி கட்டிவிட்டால் 60 விநாடி தானாக ஓடிவிடும் அல்லவா? ரெசில்மேனியாவில் சாவேஜ் போட்ட கடைசிச் சண்டை இது. அவர் மேல் பிரியம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

அலுண்ட்ரா பிளேஸுக்கும் லெய்லானி காய்க்கும் நடந்த பெண்கள் சண்டைக்கு வெறும் 3 நிமிடம் 20 விநாடி கொடுத்தது அநியாயம். 1985இல் முதல் ரெசில்மேனியாவில் இறங்கிய லெய்லானி காயைப் பத்தாவதுக்குத் திரும்ப அழைத்துவிட்டு மூன்று நிமிடத்தில் அனுப்பிவைக்கிறார்கள். அடுத்து மென் ஆன் எ மிஷன் ஜோடி க்யூபெக்கர்ஸ் ஜோடியோடு. 7 நிமிடம் 41 விநாடி. சாம்பியன்களான க்யூபெக்கர்ஸ் ரிங்குக்கு வெளியே நின்றே எண்ணிக்கையில் தோற்கிறார்கள். அப்படித் தோற்றால் சாம்பியன் பெல்ட் கை மாறாது என்பது விதி, அதனால் பார்த்ததற்குப் பலன் கிடையாது.

இங்கேதான் இடைவேளை விட வேண்டும். மீ கோரெங், வடை, கோப்பி எல்லாம் இப்போது. ஏனென்றால் அடுத்தது யோக்கோசுனாவுக்கும் லெக்ஸ் லூகருக்கும், 14 நிமிடம் 40 விநாடி. இதில் பெரும்பகுதி யோக்கோசுனா லூகரின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான். 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆள் ஓடியாட முடியாது, மூச்சு வாங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை இந்த மாதிரிப் பிடிகளில்தான் கடத்துவார்கள். காரணம் புரிகிறது, பார்க்கத்தான் சலிப்பு. ஆனால் முழுதாகத் தள்ளி ஓட்டிவிடக் கூடாது. கடைசி நான்கு நிமிடத்தைக் கட்டாயம் காட்டுங்கள். நடுவராக வந்த மிஸ்டர் பெர்ஃபெக்ட், யோக்கோசுனா மயங்கிக் கிடக்கும்போது எண்ணாமல் வேறு வேலை பார்க்கிறார். லூகர் ஆத்திரத்தில் அவரைத் தள்ளிவிட, உடனே தகுதி நீக்கம். இதனால்தான் கடைசியில் பிரெட்டின் எதிரே யோக்கோசுனா நிற்கிறார். இதைக் காட்டாவிட்டால் லூகர் எங்கே போனார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எர்த்குவேக்கும் ஆடம் பாம்பும் 35 விநாடி. பத்துப் பேர் சேர்ந்து இறங்க வேண்டிய சண்டை ஒன்றும் இருந்தது. நேரம் போதாமல் அன்று அதை எடுத்துவிட்டார்கள். ஒரே அணிக்குள் யார் தலைவர் என்று சண்டை போடுகிற மாதிரி ஒரு காட்சியைக் காட்டிச் சமாளித்திருப்பார்கள். கேசட்டில் வெட்டு விழுந்துவிட்டதோ என்று நினைத்துக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். அது மூலத்திலேயே இல்லை.

சண்டை நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் நிகழ்ச்சியில் மொத்தம் 92 நிமிடம்தான் சண்டை. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் நிகழ்ச்சியில் மற்றதெல்லாம் உள்ளே வரும் நடை, பேட்டி, பழைய ரெசில்மேனியா துண்டுகள், அழைத்து வந்த பிரபலங்கள். லிட்டில் ரிச்சர்ட் பாடுகிறார். பர்ட் ரெனால்ட்ஸ் அறிவிப்பாளராக வருகிறார். அறிவிப்பாளர் ஹோவர்ட் ஃபிங்கலுக்குப் பொய் முடி வைத்துவிடும் காட்சிகூட உண்டு. இவற்றைத் தாராளமாக ஓட்டிவிடலாம். பிரெட்-ஓவன், ஏணி, சாவேஜ், லூகர் சண்டையின் கடைசி நான்கு நிமிடம், கடைசிச் சண்டை ஆகியவற்றை மட்டும் அவற்றின் நடையோடும் பேட்டியோடும் வைத்துக்கொண்டால் ஒன்றே முக்கால் மணிக்குள் முடியும். கைக்குழந்தையோடு வருகிற வீடுகள் உள்ள கூட்டத்துக்கு அதுதான் சரி.

இனி ஏணி. ரேசர் ராமோன், ஷான் மைக்கல்ஸ், 18 நிமிடம் 47 விநாடி. ஏன் இரண்டு பெல்ட் தொங்குகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். மைக்கல்ஸ் இன்டர்காண்டினென்டல் சாம்பியனாக இருந்தபோது, 1993இல் பட்டத்தைப் பறித்துவிட்டதாக அறிவித்தார்கள். அவர் பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போய்விட்டார். காலியான பட்டத்தை ரேசர் ஜெயித்தார். மைக்கல்ஸ் திரும்பி வந்து, நான் தோற்கவே இல்லையே, நான்தான் சாம்பியன் என்றார். அதனால் இரண்டு பெல்ட்டையும் மேலே கட்டித் தொங்கவிட்டு, யார் ஏறி இறக்குகிறாரோ அவருக்கே இரண்டும் என்றார்கள்.

ஏணிச் சண்டை கால்கரியில் ஹார்ட் குடும்பத்தின் ஸ்டாம்பீட் குஸ்தியில் பழகிய ஒன்று. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் 1992 ஜூலையில் பிரெட்டும் மைக்கல்ஸும் ஒருமுறை போட்டார்கள். ஆனால் பணம் கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சியில் வந்தது இதுதான் முதல் முறை. பார்த்தவர்களுக்கு இது எப்படி முடியும் என்றே தெரியாது. இப்போதெல்லாம் ஒரே சண்டையில் ஏழெட்டு ஏணி, மேசை எல்லாம் போட்டு உடைக்கிறார்கள். இங்கே இருப்பது ஒரே ஒரு மடக்கு ஏணி. அதையே இருவரும் ஆயுதமாகவும் படியாகவும் பாரமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஒரே பொருளின் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துக் காட்டுவதில் இருக்கிற சுவை, பத்து ஏணியில் வராது.

முதல் சில நிமிடம் ஏணி வெளியே நடைபாதையில் சும்மா கிடக்கிறது. மைக்கல்ஸின் ஆளான டீசல் வெளியே ரேசரைத் தாக்க, நடுவர் ஏர்ல் ஹெப்னர் டீசலை அரங்கின் பின்புறத்துக்கே அனுப்பிவிடுகிறார். இதுவும் தேவையான வேலைதான். மூன்றாவது ஆள் பக்கத்தில் நின்றால், ஒருவர் ஏறும்போது அவன் ஏன் இழுக்கவில்லை என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பிறகு ரேசர் ரிங்குக்கு வெளியே விரித்திருந்த மெத்தையை உரித்து சிமெண்டைக் காட்டுகிறார். மைக்கல்ஸை அதில் போடலாம் என்று நினைத்தவர் தானே அதில் விழுகிறார். அதற்குப் பிறகுதான் ஏணி உள்ளே வருகிறது.

கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது மடக்கு ஏணியில் ஏறி விளக்குச் சரம் கட்டியவர்களுக்கு இந்தச் சண்டை மற்றவர்களைவிட அதிகம் புரியும். சமமான சிமெண்டுத் தரையிலேயே மேல்படியில் நின்றால் ஏணி ஆடும். ரிங் சமமான தரை இல்லை. 20 அடிக்கு 20 அடி இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கித்தான் துணி. எடை ஏறும்போது பலகை அமுங்கும், ஏணியின் நான்கு காலும் ஒரே அளவு அமுங்காது. அதோடு ஏணியை எதிரி மேல் இரண்டு முறை வீசினால் அதன் கால் கொஞ்சம் வளைந்துவிடும், பிறகு விரித்தாலும் நேராக நிற்காது. சண்டையின் பின்பகுதியில் அவர்கள் ஏணியை நிறுத்திவிட்டு ஒரு கணம் நிதானிப்பதைப் பாருங்கள். நடிப்பு பாதி, பாதி அவசியம். பெல்ட்டுக்கு நேர்கீழே ஏணி இல்லாவிட்டால் மேலே போன பிறகு கை எட்டாது, எட்டிப் பிடிக்கச் சாய்ந்தால் ஏணியோடு கீழே.

ஏணிச் சண்டைகள் பொதுவாகக் கெட்டுப்போவது ஓர் இடத்தில்தான். ஏறுகிறவர் வேண்டுமென்றே மெதுவாக ஏறுவார், கீழே கிடப்பவர் எழுந்து வரும் வரை. கூட்டம் அதைக் கண்டுபிடித்துவிட்டால் சண்டை செத்துவிடும். இங்கே அதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் விலாவிலோ முதுகிலோ ஏணியால் அடி வாங்கியிருக்கிறார். கையைத் தூக்கவே வலிக்கிறவன் மெதுவாகத்தானே ஏறுவான்? மைக்கல்ஸ் ஏணியின் மேலிருந்து ரேசர் மேல் பாய்வது எல்லாருக்கும் நினைவில் நிற்கும் காட்சி. ஆனால் அதற்கு முன் ஏணியை மூலையில் சாய்த்தும் முதுகில் போட்டும் அடிக்கிற நிமிடங்கள்தான் அந்தப் பாய்ச்சலுக்கு எடை கொடுக்கின்றன. கடைசியில் மைக்கல்ஸ் ஏணியிலிருந்து தள்ளப்பட்டு விழுந்து கயிறுகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறார். அவர் விடுவித்துக்கொள்ளத் தவிக்கும்போது ரேசர் ஏறி இரண்டு பெல்ட்டையும் இறக்குகிறார். இங்கே அவர் மெதுவாக ஏறினாலும் யாரும் குறை சொல்ல முடியாது, கீழே இருப்பவர் கட்டுண்டு கிடக்கிறாரே. இந்தச் சண்டைக்கு விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். தகும்.

“எல்லாம் நாடகந்தானே அண்ணே?” என்று யாராவது கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்ததுதான். விழுவது நிஜம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, இரண்டு கையையும் அகலமாக அடித்து விழுவதற்கு வருடக்கணக்கில் பழகுகிறார்கள். தரையும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது. லயத்து வாசலில் உள்ள சிமெண்டு ஒரு அங்குலம்கூடக் கொடுக்காது. இதைப் பார்த்த மறுநாள் பிள்ளைகள் ஏணியைத் தேடுவார்கள். மண்டபத்து ஏணியையும் கோயில் ஏணியையும் அன்று இரவே பூட்டி வைத்துவிடுங்கள்.

கேசட் வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். அமெரிக்காவில் வந்த கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் பதிந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சி 2019இல் டிஜிட்டலுக்கு மாறும் வரை பி.ஏ.எல். முறை. அதை மட்டும் படிக்கிற பழைய பிளேயரில் அமெரிக்கக் கேசட்டைப் போட்டால் படம் உருளும், நிறம் போய்விடும். பிளேயரின் முகப்பில் என்.டி.எஸ்.சி. என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரிட்டனில் வெளியான கேசட் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. ஊரில் கைமாறியவை பெரும்பாலும் நகலின் நகல். இ-180 கேசட்டில் சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் பிடிக்கும், முழு நிகழ்ச்சியும் ஒன்றிலேயே அடங்கும். ஆனால் இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்துத் திணிக்க நீள வேகத்தில் பதிந்திருந்தால் படம் மங்கும், வர்ணனை தொண்டை கட்டியது போல இருக்கும். அதை வாங்காதீர்கள்.

நம் ஊர் ஈரத்தில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. மூடியிலுள்ள சின்னக் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அதை நல்ல பிளேயரில் போடவே கூடாது. பூஞ்சை பிளேயரின் தலையில் (நாடாவைப் படிக்கும் சுழலும் பாகம்) ஒட்டிக்கொண்டால் அந்தக் கேசட் மட்டுமல்ல, அடுத்துப் போடும் கேசட்டும் பனி கொட்டின மாதிரித் தெரியும், பூஞ்சையும் அதற்குத் தொற்றும். சுத்தமான கேசட்டாக இருந்தாலும் நீண்ட நாள் கிடந்தது என்றால், போடும் முன் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும். தலையைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் மாட்டிக்கொள்ளும். மெல்லிய தோல் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, தலை சுற்றும் பக்கமாகவே குறுக்காகத் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடைந்துவிடும்.

வீடியோ சீடி என்றால் ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் அடங்கும். இந்த நிகழ்ச்சிக்கு மூன்று தட்டு வேண்டும். இரண்டு தட்டாக விற்றால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று இருந்தாலும், தட்டு மாறும் இடம் ஏணிச் சண்டையின் நடுவில் விழுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டம் வேகமாக அசையும் இடத்திலும் கேமரா வெளிச்சம் பளிச்சிடும் இடத்திலும் படம் கட்டம் கட்டமாக உடையும். அது உங்கள் பிளேயரின் குற்றமில்லை, சுருக்கிப் பதிந்ததன் விளைவு.

மண்டபத்தில் சத்தம்தான் பெரிய பிரச்சினை. தகரக் கூரைக்கு மேல் மழை பிடித்தால் தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கர் காணாமல் போய்விடும். பிளேயரின் வெள்ளை, சிவப்பு ஒயர்களை நேராகப் பெருக்கிக்குக் கொடுங்கள். பாஸைக் குறையுங்கள். சுவரும் தரையும் சிமெண்டாக இருந்தால் அடித்தொனி எதிரொலித்து வர்ணனை கலங்கிவிடும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்திருப்பவர் காதளவுக்கு நாற்காலி மேல் வையுங்கள். பின்வரிசைக்காரர்களுக்குக்கூட அடி விழும் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும். ரிங்கின் பலகை அதிரும் அந்தச் சத்தம் இல்லாமல் குஸ்தி பாதிதான்.

கடைசிச் சண்டை 10 நிமிடம் 38 விநாடி. முந்தின வருடம் இதே யோக்கோசுனா ரெசில்மேனியாவில் பிரெட்டைத் தோற்கடித்து, அதற்கடுத்த நிமிடமே ஹல்க் ஹோகன் வந்து 22 விநாடியில் பட்டத்தைத் தூக்கிப் போனார். பிரெட்டுக்கு அநியாயம் என்று நினைத்தவர்களுக்கு இங்கே கணக்கு நேராகிறது. நடுவர் ரோடி பைப்பர். பிரெட் நொண்டிக்கொண்டே வருகிறார். சண்டையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, பெரியவர் அமுக்குகிறார், சிறியவர் தாங்குகிறார். யோக்கோசுனா மூலையில் கயிற்றின் மேல் ஏறி, கீழே கிடக்கும் பிரெட்டின் நெஞ்சில் உட்காரப் போகும்போது நிலை தடுமாறிப் பின்னால் சாய்ந்து விழுகிறார். பிரெட் காலைப் பிடித்துக்கொள்ள, மூன்று. முடிவு கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறது. ஒரு சாம்பியன் தானே வழுக்கி விழுந்து பட்டத்தை இழப்பது மனதுக்கு நிறைவாக இல்லை.

ஆனால் நிகழ்ச்சி அங்கே முடியவில்லை. மணி அடித்ததும் நாற்காலியை இழுக்காதீர்கள், விளக்கைப் போடாதீர்கள். லூகர் வந்து கை குலுக்குகிறார். ரேசர் வருகிறார், சாவேஜ் வருகிறார், இன்னும் பலர் வந்து பிரெட்டைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். அப்போது நடைபாதையில் ஓவன் வந்து நிற்கிறான். ரிங்குக்குள் ஏறவில்லை, யாரையும் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் நான் தோற்கடித்த அண்ணன் எப்படிச் சாம்பியன் ஆனான் என்ற கேள்வி முகத்தில் அப்படியே இருக்கிறது. பிரெட் மேலிருந்து அவனைப் பார்க்கிறார். அதே வருடம் ஆகஸ்டு 29இல் சிகாகோவில் நடந்த சம்மர்ஸ்லாமில் இந்த இருவரும் இரும்புக் கூண்டுக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் மோதியது இந்தப் பார்வையிலிருந்து தொடங்கியதுதான். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில் அரங்கக் கூரையிலிருந்து இறக்கப்படும்போது விழுந்து ஓவன் இறந்துபோனார், வயது 34. அந்தச் செய்தி தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள், தெரியாத சிறுவர்களும் இருப்பார்கள். அந்த ஒரு நிமிடம் ஓடி முடிகிற வரை யாரும் பேசாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு விளக்கைப் போடலாம்.